மாத்திரையின் பெயரைக் கேட்ட அமலோற்பவம்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். செக்கிங் மேசையருகே நின்று, ஒரு லாட் பனியன்களில் கழுத்துப் பட்டி கோணலாக வந்திருப்பதைப் பற்றி டெய்லர்களோடு வாதாடிக்கொண்டிருந்தேன். அப்போது பார்வதி கைபேசியில் அழைத்தார். எங்கள் கம்பெனியில் பல ஆண்டுகள் ஓவர்லாக் மெஷினில் தைத்தவர் அவர். இப்போது நல்லூரில் தன் வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருக்கிறார். வேலை நேரத்தில் அழைக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

“அக்கா, அமலாக்கா போயிட்டாங்கக்கா” என்றார்.

“எங்க போயிட்டாங்க?” என்று கேட்டேன்.

பார்வதியின் அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

நல்லூரில் மருந்துக்கடை நடத்திவந்த அமலோற்பவம், அன்று காலை வழக்கம்போலக் கடையைத் திறந்திருக்கிறார். ஓர் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தலை வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் மருத்துவர்கள். அவருக்கு வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வயதான தாய் ஞானம்மாள் மட்டும் இருக்கிறார்.

அன்று மாலை அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், எனக்கு நன்கு தெரிந்த கம்பெனி முதலாளி, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: “நல்ல புள்ளதானுங்க. ஆனா படிக்க வெச்ச கையவே கடிச்ச புள்ள.” சுற்றி இருந்த இரண்டு மூன்று பேர் தலையை ஆட்டினார்கள்.

சாவு வீடு என்பதால் நான் வாய் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். அமலோற்பவத்தைப் படிக்க வைத்த கைகளில் ஒன்று என் அப்பாவுடையது. கடிபட்டதாகச் சொல்லப்படுகிற கம்பெனி என்னுடையது. அவரைப் பற்றிச் சொல்ல வேறு யாரைக் காட்டிலும் எனக்கு உரிமை அதிகம். சொல்ல வேண்டிய கடமையும் எனக்குத்தான் அதிகம்.

அவரை நான் முதலில் பார்த்தது எங்கள் கம்பெனி மாடியில். நல்லூர்ப் பகுதியில் பனியன் கம்பெனி வைத்திருந்த ஐந்து பேர் சேர்ந்து, தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்க உதவித்தொகை கொடுப்பதற்கு ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார்கள். ஐவரில் என் அப்பாவும் ஒருவர். அது நல்ல காரியம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. முதல் ஆண்டு நேர்காணல் எங்கள் மாடியில் நடந்தது. நான் கல்லூரியை முடித்துவிட்டு அப்பாவுக்குத் துணையாகக் கம்பெனிக்கு வரத் தொடங்கியிருந்த சமயம். விண்ணப்பத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை.

“அமலோற்பவம்” என்பதை நான் தடுமாறி வாசித்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் எழுந்து வந்தார். “அமலான்னே கூப்பிடுங்கக்கா, நாக்கு நோகாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சிவகங்கைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா முன்பே தவறிவிட்டார். அம்மா ஞானம்மாள் ஒரு கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன படிக்கோணும் அம்மணி?” என்று அறக்கட்டளைத் தலைவர் கேட்டார்.

“பி.பார்ம்ங்கய்யா. மருந்தப் பத்திப் படிக்கிற படிப்பு.”

“எல்லாரும் டாக்டரு, இன்ஜினியருன்னு கேக்கறாங்க. நீ என்ன, மாத்திரை எடுத்துக் குடுக்கறதுக்கா படிக்கோணுங்கறே?”

“எங்கம்மா முந்தானையில நாலு மாத்திரை முடிஞ்சு வச்சிருக்காங்கய்யா. ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ரோஸ், ரெண்டு மஞ்ச. எது எதுக்குன்னு அவங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கொடுத்த கடைக்காரருக்கும் தெரியல. கேட்டுப் பாத்துட்டேன்.”

அப்பா சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை.

“சரி. படிச்சு முடிச்சுப்போட்டு எங்களுக்கு என்ன செய்வே?”

“உங்களுக்குன்னா யாருக்குங்கய்யா? உங்க அஞ்சு பேருக்கா, ஊருக்கா?”

“ஊருக்குத்தான்னு வெச்சுக்கயேன்.”

“ஊருன்னா அதுல எங்கம்மாவும் இருக்காங்க. அப்பச் சரிங்கய்யா, செய்றேன்.”

அவர் போன பிறகு தலைவர், “வாய் சாஸ்தியா இருக்குதுங்க இந்தப் புள்ளைக்கு” என்றார். அப்பா, “வாயிருக்கற புள்ள பொழச்சுக்கும், போடுங்க” என்று கையெழுத்துப் போட்டார். அமலா கோவையில் கல்லூரியில் சேர்ந்தார்.

ஆண்டுதோறும் பொங்கலுக்கு அடுத்த வாரம் அறக்கட்டளை ஒரு விழா நடத்தும். உதவித்தொகை பெறும் மாணவர்கள் வரிசையாக மேடைக்கு வந்து, கொடையாளர்கள் காலில் விழுந்து, காசோலையை வாங்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டும். முதல் விழாவில் அமலாவின் முறை வந்தபோது அவர் ஐந்து பேருக்கும் கைகூப்பி வணக்கம் சொன்னார். விழவில்லை. போட்டோ எடுப்பவர் “விழும்மா, விழும்மா” என்று சைகை காட்டினார். அமலா மைக்குக்குக் கேட்கும்படியே சொன்னார்: “கும்பிட்டாச்சுங்க. நன்றியும் சொல்லியாச்சு. கால்ல விழுந்துதான் வாங்கணும்னா விண்ணப்பத்திலயே எழுதியிருக்கலாமே, யோசிச்சு வந்திருப்பேன்ல.”

பின்வரிசையில் தாய்மார்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒரு சிரிப்பலை எழுந்து அடங்கியது. அவருக்கு அடுத்து வந்த பெண்ணும் விழவில்லை. அதற்கடுத்த பையனும் விழவில்லை. அதன் பிறகு எந்த ஆண்டும் அந்த மேடையில் யாரும் விழுந்ததில்லை. கேட்டால் சின்ன விஷயம் என்பார்கள். தன் மகன் யார் காலிலும் விழாமல் படிப்புக்கு உதவி வாங்கியதை மேடைக்குக் கீழே நின்று பார்த்த தாயிடம் கேட்டுப் பாருங்கள், அது சின்ன விஷயமா என்று.

படிப்பை முடித்து, வெளியூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அமலா நல்லூருக்கே திரும்பி வந்தார். பஸ் நிறுத்தத்துக்கு அருகில், இரண்டு தையல் யூனிட்டுகளுக்கு இடையில் கடை போட்டார். அந்தக் கடையில் ஒரு சட்டம் இருந்தது. வாங்குகிற மாத்திரையின் பெயரை வாங்குகிறவர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதற்கு, எத்தனை நாள், சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று அவர் சொல்வார். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அவசரத்தில் வருகிறவர்கள் எரிச்சல்படுவார்கள். “பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும்ணே. பேரச் சொல்லிட்டுப் போங்க” என்பார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பெருகியபோது, அவர்களிடமே கேட்டுக் கேட்டு இந்தி பழகிக்கொண்டார். “காலி பேட் நஹி, பையா” என்று, வெறும் வயிற்றில் போடாதே என்பதை, சிவகங்கை ராகத்தில் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். சிரித்துக்கொண்டே, ஆனால் சொன்னபடி கேட்டுக்கொண்டு போவார்கள்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல.

எங்கள் கம்பெனியில் ஒரு வெள்ளை டப்பா இருந்தது. பெரும்பாலான கம்பெனிகளில் இருந்தது. மாதவிலக்கு வலி என்றோ தலைவலி என்றோ தைக்கிற பெண்கள் சொன்னால், சூப்பர்வைசர் அதிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுப்பார். அரை மணி நேரத்தில் வலி நின்றுவிடும்; தையல் லைன் நிற்காது. அட்டையில் பெயர் இருக்காது. ஒவ்வொன்றாக நறுக்கி ஒரு கவரில் போட்டு ஏஜென்ட் ஒருவர் கொண்டுவந்து தருவார். சூப்பர்வைசர் இல்லாத நாட்களில் நான் கொடுத்திருக்கிறேன். உதவி செய்வதாகவே நினைத்துக் கொடுத்தேன். அதன் பெயர் என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த மாத்திரையைத் தினமும் ஒன்றாக, ஷிப்மெண்ட் நெருக்கடி நாட்களில் இரண்டாக, காலைச் சாப்பாடுகூட இல்லாமல் விழுங்கிவந்தவர் பார்வதி. ஒருநாள் வேலை முடிந்து போகும் வழியில் அமலாவின் கடை வாசலில் கருப்பாக வாந்தி எடுத்து விழுந்தார். அமலா அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வயிறு புண்ணாகி உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார்கள். பார்வதியின் பர்ஸில் எங்கள் டப்பாவின் மாத்திரை ஒன்று இருந்தது.

மறுநாள் காலை அமலா அதை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் கம்பெனிக்கு வந்தார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் முன்னால் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“அக்கா, இந்த மாத்திரை பேரு என்னங்க?”

“வயித்து வலி மாத்திரை.”

“அது வலியோட பேருங்க. நான் கேக்கறது மாத்திரையோட பேரு.”

எனக்குத் தெரியவில்லை. தெரியாதது கோபமாக வந்தது. “அமலா, யாரு கம்பெனியில நின்னு பேசறேன்னு தெரியுதா?” என்றேன்.

“நல்லாத் தெரியுதுங்கக்கா. என்னையப் படிக்க வச்ச கம்பெனி. அதனாலதான் போலீசுக்கோ பத்திரிகைக்கோ போகாம இங்க மொதல்ல வந்தேன்.” அவர் குரல் உயரவில்லை. “நீங்க படிக்க வச்சதாலதான் இது என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டு நான் சும்மா இருந்தா, அந்தப் படிப்பு எதுக்குங்க?”

டப்பாவை எடுத்துக்கொண்டுவரச் சொன்னார். மேசையில் கொட்டி, மூன்று வகையாகப் பிரித்தார். மூன்றின் பெயரையும் சொன்னார். இரண்டு மாத்திரைகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாதவை. ஒன்று காலாவதியாகியிருக்கலாம், அட்டையில் தேதி இருக்கும் பகுதி நறுக்கப்பட்டிருப்பதால் சொல்ல முடியாது என்றார். நான் மாத்திரை கொடுத்த பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை.

விஷயம் அறக்கட்டளைக்குப் போயிற்று. இதே ஏஜென்ட்தான் ஐந்து கம்பெனிகளுக்கும் கொடுத்துவந்தார். அமலா மருந்து ஆய்வாளருக்கு எழுதப்போவதாகச் சொன்னதும் அவரைக் கூப்பிட்டனுப்பினார்கள். நேர்காணல் நடந்த அதே மாடியில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்குப் பின்னால் நான் நின்றேன்.

“உப்பிட்டவரை உள்ளளவும் நெனைக்கோணும்னு சொல்லுவாங்க அம்மணி” என்று தலைவர் ஆரம்பித்தார். “நாங்க போட்ட சோத்துல வளந்துபோட்டு எங்களையே காட்டிக் குடுப்பியா?”

“சோறு எங்கம்மா போட்டாங்கய்யா. நீங்க போட்டது படிப்பு. அத நான் ஒருநாளும் மறக்கல. மறந்திருந்தா அந்த ஏஜென்ட் என் கடைக்கு வந்து, நீயும் சப்ளை பண்ணு, லாபம்னு சொன்னப்ப சரின்னுருப்பேன்.”

“பெரிய வார்த்த பேசாதே. இந்த வருசம் ரெண்டு புள்ளைகளுக்கு உதவி குடுக்கறதா இருக்கோம். உன்ர பேச்சால அதை நிறுத்த வெச்சுராதே.”

அமலாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அந்த இரண்டு பெண்களுக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்ததே அவர்தான். ஒருத்தி முத்துமாரி, நர்சிங் படிக்க விரும்பியவள். இன்னொருத்தி ஜெயா. அமலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அந்தப் புள்ளைங்க அம்மாவும் உங்க கம்பெனியிலதான் தைக்கிறாங்கய்யா. புள்ளைக்குப் படிப்பக் குடுத்து அம்மாவோட வயித்தப் புண்ணாக்கினா, அதுக்குப் பேரு தர்மமா? நான் எழுதத்தான் போறேன். நிறுத்தறதுன்னா நிறுத்துங்க. ஆனா நீங்கதான் நிறுத்துனீங்கன்னு நாளைக்கு ஊரு சொல்லும்.”

நிறுத்தினார்கள். என் அப்பாவும் அதற்குத் தலையாட்டினார். இதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த மாதங்களை அமலா எப்படிக் கழித்தார் என்பதைக் கையைக் கடித்த கதை சொல்கிறவர்கள் சொல்வதில்லை. அவர் கடையில் வாங்கக் கூடாது என்று கம்பெனிகளில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. காலையிலிருந்து மாலைவரை ஆளில்லாத கடையில் உட்கார்ந்திருந்தார். ஜெயாவின் தந்தை கடை வாசலில் நின்று, “உன் ஞாயத்துக்கு எம் புள்ள படிப்பா பலி? நீ படிச்சுட்டே, உனக்கென்ன?” என்று கத்தினார். இதைப் பக்கத்துக் கடைக்காரர் என்னிடம் சொன்னார். அமலா தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டாராம். அவர் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதாராம்.

ஆனால் அழுது முடித்ததும் அவர் ஒரு நோட்டை எடுத்தார். அறக்கட்டளையால் படித்து வேலைக்குப் போன ஒவ்வொருவரையும் தேடிக் கூப்பிட்டார். ஒருவர் சேலத்தில் பள்ளி ஆசிரியர், ஒருவர் மின்வாரியத்தில் பொறியாளர், இன்னொருவர் பெங்களூரில். “நம்மள ஒருத்தர் தூக்கி விட்டாங்க. இப்ப நாம ரெண்டு பேரத் தூக்கணும். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்” என்றார். முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. கல்லூரி திறந்த அன்று முத்துமாரியும் ஜெயாவும் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஊர்ப் பிள்ளைக்குக் கொடுத்த படிப்பு எங்கே போகிறது என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட எனக்கு வேறு பதில் தெரியாது.

மருந்து ஆய்வாளருக்கு எழுதிய கடிதத்துக்குப் பலன் இருந்தது. விசாரணை வந்ததும் அந்த ஏஜென்ட் ஊரை விட்டே போய்விட்டார். அமலாவின் கடைக்கும் மெல்ல ஆட்கள் திரும்பி வந்தார்கள். எங்கள் கம்பெனியில் டப்பாவை நான் எடுத்தேன். அப்பாவிடம் போய், வலி என்று வருகிற பெண்களுக்கு ஓர் அறை, ஒரு கட்டில், வெந்நீர், ஒரு மணி நேர ஓய்வு வேண்டும் என்றேன். அமலா சொல்லிக்கொடுத்த கோரிக்கைகள்தான்.

“ஒரு மணி நேரம் லைன் நின்னா ஷிப்மெண்ட யாரு அனுப்பறது?” என்றார் அப்பா.

“நான் அனுப்பறனுங்க” என்றேன். அப்பாவை எதிர்த்து நான் சொன்ன முதல் வார்த்தை அது. ஷிப்மெண்ட் போயிற்று. தவறிய நாட்களும் உண்டு; ஆனால் ஓய்வறையால் தவறியதில்லை. அப்பா தன் கடைசிக் காலத்தில் அமலாவின் கடையில்தான் ரத்த அழுத்த மாத்திரை வாங்கினார். மாத்திரையின் பெயரைச் சொல்லச் சொல்லி அவரையும் அமலா விடவில்லை. வீட்டுக்கு வந்து, “அந்தப் புள்ள என்னைய ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெச்சுப்போட்டா” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். மன்னிப்பு என்று அவர் கேட்டதில்லை. அமலா அதை எதிர்பார்க்கவும் இல்லை.

எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். ஜெயா இரண்டாம் ஆண்டில் படிப்பை விட்டார். வீட்டில் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அமலா மூன்று முறை அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தார், பயனில்லை. “ரெண்டுல ஒண்ணு தோத்துட்டேன்க்கா” என்று அதன் பிறகு பலமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த டப்பா இன்றும் சில கம்பெனிகளில் இருக்கிறது. எந்தக் கம்பெனிகள் என்று அங்கே தைக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஆனால் முத்துமாரி நர்சிங் முடித்து, கம்பெனிகளுக்கு நர்ஸாகப் போகிறார். இப்போது நல்லூரிலிருந்து அவிநாசி ரோடு வரை நான்கு கம்பெனிகளின் பெண்கள் அவர் சொல்கிற மாத்திரையை, அவர் சொல்கிற பெயரோடு சாப்பிடுகிறார்கள். பார்வதி உயிரோடு இருக்கிறார். தன் இரண்டு மெஷின்களில் இன்னொரு பெண்ணுக்கும் வேலை கொடுக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அமலாவின் கடை வாசலில் கூடிய பெண்கள், மருந்தில் தொடங்கி, கம்பெனிக் கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்பது எப்படி, பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்குவது எப்படி என்று பேசத் தொடங்கினார்கள். அவர்களுக்கு யாரும் உதவித்தொகை கொடுக்கவில்லை. அமலாவுக்குக் கொடுத்ததுதான் அவர்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்பா மறைந்த பிறகு அறக்கட்டளையில் அவர் இடத்துக்கு நான் வந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒடிசாக்காரத் தொழிலாளி ஒருவரின் மகள், இங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் வாங்கிய சுமித்ரா, விண்ணப்பித்தார். “நம்ம ஊருப் புள்ளைகளுக்குத்தானுங்க” என்று தலைவர் ஒதுக்கி வைத்தார். நான் அமலாவிடம் சொன்னேன். அவர் மறுநாளே வந்து தலைவர் முன் நின்றார்.

“என்னைய எந்த ஊருன்னு நெனச்சு குடுத்தீங்கய்யா? நானும் சிவகங்கைதான். அப்ப எங்களத் தெக்கத்தியாளுங்கன்னு வாடகைக்கு ஊடு குடுக்க மாட்டாங்க. இப்ப நான்தான் உங்க மருமகளுக்கு மருந்து குடுக்கிறேன். இந்தப் புள்ளையும் நாளைக்கு ஏதோ ஒண்ணு குடுக்கும். வேணுமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க.”

சுமித்ரா இப்போது கோவையில் படிக்கிறார்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது இறப்பதற்கு ஐந்து நாள் முன்பு. அறக்கட்டளையில் புதிதாக ஒரு விதி கொண்டுவரத் திட்டமிட்டிருந்தார்கள். உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவரும், கொடையாளர்களின் நிறுவனங்களுக்கு எதிராக எந்தக் காலத்திலும் பேசவோ எழுதவோ மாட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். யாரை மனதில் வைத்து எழுதிய விதி என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து பேரும் கையெழுத்திட்டால்தான் அது நடைமுறைக்கு வரும். அந்தத் தாளை அமலாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை வாசித்தார்.

“போடாதீங்கக்கா” என்றார். “நன்றிய எழுதி வாங்கினா அது நன்றி இல்லீங்க, வாய்ப்பூட்டு. வாயப் பூட்டிட்டு எத்தன பேரப் படிக்க வச்சாலும் ஊருக்கு ஒரு புண்ணியமும் இல்ல.”

“மத்த நாலு பேரும் போட்டுட்டா நான் ஒருத்தி என்ன பண்றது?”

“ஒருத்தி போதும்ங்கக்கா. நான் ஒருத்திதானே இருந்தேன்.” கடையில் ஆள் வந்துவிட்டது. எழுந்து போனார். அதன் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் கூட்டம் நடந்தது. தாள் என் முன் வந்தபோது நான்கு கையெழுத்துகள் இருந்தன. நான் பேனாவைத் தொடவில்லை. “ஏனுங்க, செத்துப்போன புள்ளைக்காக நல்லது நடக்கறத நிறுத்தறீங்களா?” என்று தலைவர் கேட்டார். “நல்லது நடக்கட்டுமுங்க, இந்தத் தாளு வேண்டாம்” என்றேன். அப்படியானால் இந்த ஆண்டு உதவித்தொகையே இல்லை என்றார். நிறுத்துங்கள் என்றேன். இரண்டு பேரைத் தூக்கிவிட்ட அந்த நோட்டு இப்போது முத்துமாரியிடம் இருக்கிறது. அதில் உதவ முன்வந்தவர்களின் பெயர்கள் கூடியிருக்கின்றன. என் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறேன். எங்களை மிரட்ட இனி வேறு வழிதான் தேட வேண்டும்.

அமலாவின் இறுதி ஊர்வலத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

புதன்கிழமை மத்தியானம் வீட்டிலிருந்து பெட்டியை எடுக்கும் நேரம். வழக்கப்படி ஆண்கள் நால்வர் முன்னே வந்தார்கள். முத்துமாரி குறுக்கே வந்து நின்று, “நாங்க தூக்கறோம்” என்றார். “பொம்பளைங்க கல்லறைக்குத் தூக்கற வழக்கம் உண்டா?” என்று யாரோ முணுமுணுத்தார். ஞானம்மாள் மகளின் தலைமாட்டிலிருந்து நிமிர்ந்து, “எம் மக வழக்கத்துக்கா வாழ்ந்தா? தூக்குங்கத்தா” என்றார். சர்ச்சிலிருந்து வந்திருந்த ஃபாதர் சரியென்று தலையசைத்தார்.

முத்துமாரி, பார்வதி, கோவையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த சுமித்ரா, கைக்குழந்தையைத் தன் மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்த ஜெயா, மின்வாரியப் பொறியாளர் லில்லி, நான் என ஆறு பேர் தோள் கொடுத்தோம். பெட்டி கனமாக இருந்தது. உயரம் ஒத்துவராமல் தடுமாறினோம். பிறகு அடி ஒத்துக்கொண்டது.

சாப்பாட்டு இடைவேளை. கம்பெனிகளின் கேட்டுகள் திறந்து, தைக்கிறவர்களும் செக்கிங் செய்கிறவர்களும் தூக்குவாளிகளோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சாலையில் எங்களைப் பார்த்ததும் வாளிகளைச் சுவரோரம் வைத்துவிட்டுப் பின்னால் வரத் தொடங்கினார்கள். இடைவேளை முடிகிற மணி ஒவ்வொரு கம்பெனியாக ஒலித்தது. ஒருவரும் திரும்பவில்லை. சூப்பர்வைசர் ஒருவர் கேட்டுக்கு வெளியே வந்து, “மணி அடிச்சாச்சு, மணி அடிச்சாச்சு” என்று கத்தினார். அந்தக் கூட்டம், தமிழும் இந்தியும் ஒடியாவும் பேசுகிற அந்தப் பெண்களின் கூட்டம், அவரைக் கடந்து நடந்துகொண்டே இருந்தது.

போய் வாருங்கள், அமலா. உங்களை நன்றி கெட்டவர் என்று சொன்னவர்களுக்கு, நல்லூர்ச் சாலையில் அன்று நடந்த பெண்கள் பதில் சொல்லிவிட்டார்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.